தலைமாட்டு டாக்டர்

"உங்கப்பாவுக்கு இன்னைக்கு நானே மயக்க ஊசி போடறேன்மா," என்றார் மேடம்.

கேட்டவுடன் சின்ன டாக்டருக்குப் பாதி மயக்கம் வந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில், செருப்பு மாற்றும் இடத்தில், ஒரு காலில் ஆஸ்பத்திரியின் பச்சைச் செருப்பும் மறு காலில் சொந்தச் செருப்புமாக நின்றிருந்தாள்.

"நீங்களா மேடம்? லிஸ்ட்ல வேற டாக்டர்தானே..."

"அவருக்குக் காய்ச்சல். லீவு போட்டுட்டார். எனக்கும் இது நல்லதாப் போச்சு. எங்க டிபார்ட்மென்டுக்கு வரப்போற பொண்ணோட அப்பா! தலைமாட்டுல உட்கார்ந்து அவரோட நாலு வார்த்தை பேசணும். பொண்ணு மயக்க டாக்டர் ஆகறதுக்கு இவ்வளவு சந்தோஷமா சம்மதிச்ச அப்பாவை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

பார்த்திருக்க முடியாது. அப்படி ஒரு அப்பாவே கிடையாது.

அவளுடைய அப்பா போர்டு எழுதுகிறவர். ஊரில் உள்ள டாக்டர்களில் முக்கால்வாசிப் பேரின் வாசலில் தொங்குவது அவர் கைவண்ணம்தான். மகள் எம்.பி.பி.எஸ். முடித்த அன்றே 'அறுவை சிகிச்சை நிபுணர்' என்று அவள் பெயர் போட்டு ஒரு போர்டு எழுதி, வார்னிஷ் அடித்து, வீட்டுக் கூடத்தில் காயவைத்துவிட்டார். அதன் பிறகுதான் மகள் மெதுவாக, மேற்படிப்புக்கு மயக்கவியல் எடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். வீட்டில் மூன்று மாதம் போர் நடந்தது.

"கண் டாக்டருக்கு எழுதியிருக்கேன். பல் டாக்டருக்கு எழுதியிருக்கேன். மாட்டு டாக்டருக்குக்கூட ரெண்டு எழுதியிருக்கேன். முப்பத்திரண்டு வருஷத்துல மயக்க டாக்டர்னு ஒருத்தர் வந்து எனக்கொரு போர்டு எழுதுங்கன்னு கேட்டதுண்டா? ஏன் கேக்கல, சொல்லு பாக்கலாம். எவன் வந்து கதவைத் தட்டி, 'டாக்டர், என்னைக் கொஞ்சம் மயக்குங்க'ன்னு நிப்பான்?"

"அப்பா, அவங்க இல்லாம ஒரு ஆபரேஷன் நடக்காதுப்பா."

"நடக்காதுதான். லைட் இல்லாமக்கூடத்தான் நடக்காது. லைட்டுக்கு யாராவது மாலை போடறாங்களா? தலைமாட்டுல ஸ்டூல் போட்டு உட்கார்ற வேலைக்கா உன்னைப் படிக்க வச்சேன்? என் உடம்புல உசிர் இருக்கிற வரைக்கும் இதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

அவளுக்கோ அந்த ஸ்டூலின் மேல்தான் கண். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருமுறை, காய்கறிக் கடைக்காரர் ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்தும்போது மேடத்துக்கு உதவியாக நின்றாள். அந்த ஆள் கண் செருகும் நேரத்தில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போயிட மாட்டியே?" என்று கேட்டார். "போக மாட்டேன்," என்றாள். நாலு மணி நேரம் நகரவில்லை. அவருடைய ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தாள். கண் விழித்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். வேறு யாராவது என்றால் மனசு வாடியிருக்கும். சின்ன டாக்டர் அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

இதற்கு நடுவில் அப்பாவுக்குக் குடலிறக்கம். ஏணியும் கையுமாக இத்தனை வருஷம் போர்டு தூக்கியதற்குக் கிடைத்த சன்மானம். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் என்று முடிவானது. தினமும் சண்டை போட்டதில் அவருடைய பிரஷர் எகிற, போன வாரம் அவரைச் சமாதானப்படுத்த, "சரிப்பா, சர்ஜரியே எடுத்துக்கறேன்," என்று ஒரு பொய் சொன்னாள். மறுநாள் மேடம், "வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டபோது, "அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம் மேடம்," என்று இன்னொரு பொய். இரண்டு பொய்யும் இரண்டு ஊரில் இருந்திருந்தால் பிரச்சினையில்லை. இன்றைக்குப் பத்து மணிக்கு இரண்டும் ஒரே அறையில், ஒரு முழ இடைவெளியில் சந்திக்கப் போகின்றன. மேற்படிப்புக்கான விருப்பப் படிவத்தை மாலை நாலு மணிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும். இரண்டு கட்டம், ஒரு டிக். படிவம் காலையிலிருந்து அவள் கோட் பையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றாள் சின்ன டாக்டர். "எங்கப்பா ரொம்பப் பயந்த சுபாவம். முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிறதுக்குப் பதிலா, முழுசாத் தூங்க வச்சிட்டா என்ன?"

"பயப்படறாரா?" மேடத்தின் முகம் கனிந்துவிட்டது. "பயந்தவங்களுக்குப் பேச்சுதான் முதல் மருந்து. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நான் அவரோட பேசிக்கிட்டே இருக்கேன். நீ கவலைப்படாத."

நாலு வார்த்தை பேச வந்தவரை ஒரு மணி நேரம் பேச வைத்தாயிற்று. சின்ன டாக்டர் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு அப்பாவிடம் ஓடினாள்.

பயந்த சுபாவம் கொண்ட அப்பா, ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்து, நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு எழுதிய கதையைப் பக்கத்து ஸ்ட்ரெச்சர்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உள்ள தலைமாட்டுல ஒரு மேடம் இருப்பாங்க. அவங்ககிட்ட எதுவும் பேச்சுக் குடுக்காதீங்க."

"ஏன் பாப்பா? யார் அவங்க?"

"மயக்க டாக்டர்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஓஹோ!" அப்பாவின் மீசை நிமிர்ந்தது. "என் பொண்ணு மனசைக் கெடுத்த மகராசி அவங்கதானா? வரட்டும். நானும் அவங்களை நாலு வார்த்தை கேக்கணும்னுதான் இருந்தேன்."

இப்போது இரண்டு பக்கமும் நாலு நாலு வார்த்தை தயார்.

"அப்பா! ஆபரேஷன் நேரத்துல அவங்களோட யாராவது பேசினா, ஆபரேஷன் பண்ற பெரிய டாக்டர் என்னை வெளிய அனுப்பிடுவார். இது ரூல். நான் பக்கத்துல நிக்கணுமா, வேணாமா?"

மகள் அறுவை மேஜைக்குப் பக்கத்தில் கையுறையோடு நிற்பதைப் பார்க்கத்தான் அவர் இந்த ஆஸ்பத்திரியையே தேர்ந்தெடுத்திருந்தார். கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வாயை அடைத்தாயிற்று. மறு வாயை அடைக்க மேடத்திடம் ஓடினாள். ஓடும்போது நல்ல யோசனைகள் வருவதில்லை.

"மேடம், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எங்கப்பாவுக்குக் காது கேக்காது."

"எந்தக் காது?"

"ரெண்டும்."

"அடப் பாவமே. பேசுவாரா?"

"பேசுவார் மேடம். ஆனா நாம என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமத்தான் சொல்வார். அதனால பேச்சே குடுக்காம விட்டுடறது உத்தமம்."

"விடு, நான் பாத்துக்கறேன்," என்றார் மேடம். இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ளவர். அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளாமல் விடமாட்டார் என்பதைச் சின்ன டாக்டர் அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை.

தியேட்டருக்குள் அப்பாவை மேஜையில் உட்கார வைத்தார்கள். முதுகெலும்பில் ஊசி போட, முதுகை வளைத்து, முகவாய் நெஞ்சில் படும்படி குனிந்திருக்க வேண்டும். மேடம் அதைச் சைகையில் விளக்கினார். இரண்டு கையாலும் தன்னைத்தானே கட்டிக்கொண்டு, குனிந்து, முதுகைக் கூனிக் காட்டினார்.

அப்பா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பேசக்கூடாது என்பது ரூல். அவரும் தன் தோள்களைத் தேய்த்து, 'உங்களுக்குக் குளிருதா?' என்று சைகையில் கேட்டார்.

"பாவம், குளிருதாம்," என்ற மேடம், ஊழியரைக் கூப்பிட்டுப் போர்வை கொண்டுவரச் சொன்னார். அப்பா போர்வையை வாங்கி மரியாதையாக மேடத்தின் தோளில் போர்த்தினார்.

மருந்து எடுத்துக் கொடுக்கும் டெக்னீஷியன், தியேட்டரில் எல்லோருக்கும் அவர் அண்ணன், இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்துவிட்டு, ஏதோ புது உத்தரவு போலிருக்கிறது என்று தானும் வாயை மூடிக்கொண்டு கையை ஆட்ட ஆரம்பித்தார். நன்றாகக் காது கேட்கும், நன்றாகப் பேசத் தெரிந்த மூன்று பேர், பொம்மலாட்டம் போல ஆடி, கடைசியில் எப்படியோ ஊசி போட்டு முடித்தார்கள்.

அப்பாவைப் படுக்க வைத்து, நெஞ்சுக்கு மேலே பச்சைத் திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தலையும் மேடமும் அண்ணனும். இந்தப் பக்கம் அப்பாவின் வயிறும், பெரிய டாக்டரும், சதையை விலக்கிப் பிடிக்கும் கொக்கியோடு சின்ன டாக்டரும்.

பெரிய டாக்டர் கீறலைப் போட்டார். பத்து நிமிஷம் அமைதியாகப் போயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் பேச்சில்லை, மூச்சில்லை. சின்ன டாக்டர் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போது அந்தப் பக்கம் அட்டை கிழியும் சத்தம் கேட்டது. பிறகு மார்க்கர் பேனா கிறீச்சிடும் சத்தம்.

எழுதப்பட்ட எதையும் சத்தமாகப் படித்துப் பார்ப்பது அப்பாவுக்குத் தொழில் பழக்கம். கையுறை டப்பாவின் அட்டையில் மேடம் எழுதிக் காட்டியதை அவர் எழுத்துக் கூட்டி, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"உங்கள்... மகள்... மயக்கவியல்... படிக்க... சம்மதித்ததற்கு... மிக்க... மகிழ்ச்சி."

சின்ன டாக்டருக்கு மாஸ்க்கைக் கண்ணுக்கு மேல் இழுத்து மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டு கையிலும் கொக்கி.

"மகிழ்ச்சியில 'ழி'யோட சுழி கீழ இறங்கவே இல்ல," என்றது அப்பாவின் குரல். "வரியும் வலது பக்கம் சரியுது. யார் எழுதினது இது?"

ஒரு வினாடி கழித்துத்தான் எழுத்தைத் தாண்டி அர்த்தம் அவருக்குள் போய்ச் சேர்ந்தது.

"என்னது? மயக்கவியலா? யார் சம்மதிச்சது? பாப்பா!"

மானிட்டரின் டிக் டிக், ஓட ஆரம்பித்தது. பெரிய டாக்டர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா இது? நீ என் டிபார்ட்மென்டுக்கு வர்றதா உங்கப்பா சொன்னார். அந்தச் சந்தோஷத்துல என் போர்டைப் புதுசா எழுதித் தர்றேன்னு வேற சொன்னாரே?"

"சார், அது வந்து..."

"வயித்தை ஆட்டாதீங்க பெரியவரே!" என்று கத்தினார் பெரிய டாக்டர்.

"என் வயிறு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல, நான் எங்க ஆட்டறது? நீ அந்தப் பக்கம்தானே இருக்க பாப்பா? திரையை விலக்கு!"

"பிரஷர் நூத்தி எழுபது," என்றார் அண்ணன், இனிச் சைகை போதாது என்று முடிவு செய்து.

"அந்தத் தூக்க ஊசியை எடுங்க," என்றார் மேடம் நிதானமாக. "ரெண்டு மில்லி. கொஞ்சம் உளறுவார், ஆனா என்ன பேசினோம்னு அப்புறம் அவருக்கே ஞாபகம் இருக்காது. நல்லவேளை, நாம மெதுவாப் பேசறது காதுல விழல. விழுந்தா இன்னும் பயந்திருப்பார்."

பெரிய டாக்டர் ரத்தம் உறிஞ்சும் மெஷினைப் போடச் சொன்னார். அது ஒரு நிமிஷம் 'கர்ர்ர்' என்று கத்தியதில் அந்தப் பக்கம் நடந்தது எதுவும் கேட்கவில்லை. மெஷின் நின்றபோது டிக் டிக்கும் நிதானத்துக்கு வந்திருந்தது. அப்பாவின் குரல் குழைந்து, இழுத்து, மிதந்து வந்தது.

"பாப்...பா."

"அப்பா?"

"நல்லா இருக்கு பாப்பா. மேகத்துல மல்லாக்கப் படுத்த மாதிரி. இதையா வேணாம்னேன்?"

"மருந்து வேலை செய்யுது போலிருக்கே," என்றார் பெரிய டாக்டர்.

"பிரமாதமா செய்யுது சார்," என்றார் மேடம். அவர் குரலில் ஏதோ நடுக்கம். திரை லேசாகக் குலுங்கியது.

"பெரிய டாக்டர் சார்," என்றார் அப்பா. "உங்க போர்டுல 'சிகிச்சை'ங்கிறதுல ஒரு 'ச்'சை விட்டுட்டேன். 'அறுவை சிகிசை'னுதான் இருக்கு. ஆறு வருஷமாச்சு. யாரும் பாக்கல. நீங்களும் பாக்கல."

பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் தையல் போடாமல் நின்றார்.

"மேடம், உங்க கையெழுத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பல. பாப்பா, என் கடையில கறுப்பு பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி சிகரெட் இருக்கு. உங்கம்மாகிட்ட சொல்லிடாத. அப்புறம்... பாப்பா, கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"முப்பத்திரண்டு வருஷமா எழுதறேன். எத்தனை ஆயிரம் போர்டு. எதுலயாவது என் பேர் இருக்கா? கடைக்கு வழி தேடறவன், கடை பேரைப் படிச்சிட்டு உள்ள போறான். எழுதினவன் யாருன்னா கேக்கறான்? கேக்காததுனால என் எழுத்து கோணிப் போச்சா? ராத்திரி தூக்கம் கெட்டுப் போச்சா?" குரல் இன்னும் கொஞ்சம் இழுத்தது. "அன்னைக்கு யாரோ காய்கறிக்காரர் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே. உங்கம்மாகிட்ட சொன்ன, நான் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அப்படிச் சிரிக்கிற வேலையை ஏன் விடற? எடுத்துக்கோ. மயக்க வேலையே எடுத்துக்கோ. தலைமாட்டுல உட்காரு. நல்லா ஜம்முனு உட்காரு."

சின்ன டாக்டருக்குக் கண்ணாடிக்குள் கண்ணீர் கோத்துக்கொண்டது. துடைக்கவும் கையில்லை. கொக்கியை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கை கழுவும் இடத்தில் பெரிய டாக்டர், "இதைப் பெரிசா எடுத்துக்காதம்மா," என்றார். "ஊசி ஏறின பிறகு சொன்ன சம்மதம். செல்லாது. என் கட்டத்துல டிக் போடு." சொல்லிவிட்டு, போன் எடுத்து, வாசல் போர்டைப் போட்டோ பிடித்து அனுப்பும்படி வீட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

அவள் மேடத்திடம் போனாள். எல்லாப் பொய்யையும் வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "மேடம், சார் சொல்றது சரியா? மருந்து மயக்கத்துல சொன்னது செல்லாதா?"

"மருந்து ஏறினவங்க குடுக்கிற சம்மதம் எந்த ஆஸ்பத்திரியிலயும் செல்லாதும்மா," என்றார் மேடம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"அப்போ நான் என்ன பண்ணட்டும்?"

"படிவத்துல யார் கையெழுத்து கேட்டிருக்கு? உன்னோடதா, உங்கப்பாவோடதா?"

மணி மூன்றே முக்கால். சின்ன டாக்டர் வார்டுக்கு ஓடினாள். அப்பா விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உள்ள நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நானா? ஏதாவது சொன்னேனா?" முகத்தில் பால் வடிந்தது. "முதுகுல ஊசி குத்தினது வரைக்கும்தான் தெரியும். அப்புறம் ஒரே இருட்டு."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "சரி. ஞாபகம் இல்லாட்டிப் போகட்டும். போன வாரம் உங்ககிட்ட சொன்னது பொய். நான் மயக்கவியல்தான் எடுக்கறேன். நீங்க சரின்னாலும் எடுக்கறேன், இல்லன்னாலும் எடுக்கறேன். இப்பவே போய் டிக் போடப் போறேன்."

இதைச் சொல்ல மூன்று மாதம் ஆயிருக்கிறது. சொல்ல ஆன நேரம் அரை நிமிஷம்.

அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "உன் இஷ்டம். ஆனா ஒண்ணு, நான் இதுக்குச் சரின்னு சொல்ல மாட்டேன். சொன்னது சொன்னதுதான்."

அவள் மாடிப்படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி, ஆபீஸ் கிளார்க்கின் மேஜையிலேயே கவிழ்ந்து டிக் போட்டு, மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கொடுத்தாள். திரும்பி வரும்போது தரையில் கால் பாவவில்லை. எதிரில் வந்த நர்ஸ், பாட்டில், சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் வணக்கம் சொன்னாள்.

"டீ வேணும்," என்றார் அப்பா, அவளைக் கண்டதும்.

"இப்ப முடியாதுப்பா. உங்களுக்குத் தூக்க ஊசி போட்டிருக்கு. அது தெளிஞ்சு எவ்வளவு நேரமாச்சுன்னு பாத்துதான் தரணும்."

"எனக்கெல்லாம் தெளிஞ்சிடுச்சு."

"அதை நீங்க சொல்லக்கூடாது. நான் சொல்லணும். நான்தான் மயக்க டாக்டர்," என்றாள் பெருமையாக.

அந்த நேரம் பார்த்து, தியேட்டரிலிருந்து அப்பாவின் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வார்டுக்குள் வந்தார்.

"நல்லவேளை வந்தீங்கண்ணே. அப்பாவுக்கு அந்தத் தூக்க ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

கட்டிலில் திடீரென்று பலமான குறட்டைச் சத்தம் எழுந்தது.

"அதை எங்க போட்டோம் டாக்டர்? நான் எடுத்துட்டுப் போனதுமே உங்கப்பாதான் மேடம் கையைப் பிடிச்சு, 'போடாதீங்கம்மா, போட்ட மாதிரி மட்டும் இருக்கட்டும்'னுட்டாரே!"